ஆள்பிடி சார்ஜென்டும் அசையாத மச்சினனும்

சார்ஜென்ட் ராணுவத்தில் சேர்ந்தது ஒலிபெருக்கி பழுதுபார்க்கப் போன இடத்தில்.

அப்போது அவருக்கு மீசைகூடச் சரியாக அரும்பவில்லை. ஒரு மின்சாமான் கடையில் எடுபிடி வேலை. ஆள்சேர்ப்பு மைதானத்தில் மைக் கரகரக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வா என்று முதலாளி அனுப்பினார். கம்பத்தில் ஏணி சாய்த்து ஏறி, ஒயரை முறுக்கிவிட்டு இறங்கினார். வெயில் தாங்காமல் சட்டையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சட்டையில்லாத ஒல்லிப் பையன்கள் நூற்றுக்கணக்கில் நின்ற மைதானம் அது. விசில் வைத்திருந்த அதிகாரி ஒருவர் இவரைப் பார்த்தார்.

"ஏய், நீ ஏன் நிக்கிற? ஓடு!"

"சார், நான் வந்து மைக்கு..."

விசில் அடித்துவிட்டார். இவர் ஓடினார். மைதானத்தைச் சுற்றி வந்து நின்றதும் நெஞ்சை அளந்தார்கள், பல்லைப் பார்த்தார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள், கடைசியில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டார். சாயங்காலம் முதலாளி தேடிக்கொண்டு வந்தார். ஏணியைத்தான் தேடி வந்தார். ஏணி கிடைத்ததும் போய்விட்டார்.

சார்ஜென்டின் சுபாவமே அதுதான். யாராவது உறுதியான குரலில் ஒன்றைச் சொல்லிவிட்டால் மறுத்துப் பேச வராது. கல்யாணக் கதையும் அதுவே. "நான்தான் கேட்டேன். 'சரிங்க'ன்னார். இல்லைன்னு சொல்லத் தெரியாத ஆளாப் பாத்துக் கேட்டது என் புத்திசாலித்தனம்" என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்வதுண்டு. அந்த அம்மாள் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவர். வலியோடு வருகிறவர்களைக் காத்திருக்க வைக்கிற வேலை. அதனால் அவருடைய குரலில் ஓர் உறுதி உண்டு.

சார்ஜென்ட் சண்டை எதையும் பார்த்ததில்லை. ஆனாலும் காயம்பட்டார். முகாம் சமையற்கூடத்தில் லாரியிலிருந்து இறக்கும்போது ஒரு வெங்காய மூட்டை அவர் வலது முட்டியின் மேல் விழுந்தது. ராணுவ ஆவணத்தில் 'பணியின்போது ஏற்பட்ட தாக்குதல்' என்று எழுதினார்கள். தாக்கியது யார் என்று எழுத இடம் விடப்படவில்லை. முட்டி போனால் என்ன, நாக்கு நன்றாகத்தானே இருக்கிறது என்று யோசித்த மேலிடம் அவரை ஆள்சேர்ப்பு நிலையத்துக்கு மாற்றியது.

நிலையம் என்பது கடைத்தெருவில் ஒரு கடை. இடப்பக்கம் செல்போன் பழுதுபார்க்கும் கடை, வலப்பக்கம் சலூன். கண்ணாடிக் கதவு, ஒரு மேசை, சுவரோடு சேர்த்துப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், எடை பார்க்கும் கருவி, குளிர்சாதனம். அரசாங்கம் கொடுத்ததிலேயே ஒழுங்காக வேலை செய்தது அந்தக் குளிர்சாதனம்தான். அதனால் சலூனில் முறைக்குக் காத்திருப்பவர்கள் எல்லாம் இங்கே வந்து உட்கார்ந்துகொண்டார்கள். சார்ஜென்டுக்கு அதுவே வசதியாகப் போயிற்று. தலையில் பாதி முடியோடு பேச்சுக் கேட்டவர்கள்கூட உண்டு. நடுவில் சலூன்காரர் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

"சார், நீங்க தேசத்தைக் காப்பாத்துங்க. அதுக்குள்ள நான் இவரு காது பக்கத்தை முடிச்சிடறேன்."

ஆனால் சலூன்காரருக்கும் இதில் அக்கறை இருந்தது. ராணுவத்தில் சேருகிறவனுக்கு ஒட்ட வெட்டிவிடும் பொறுப்பு அவருடையது. அதற்குத் தனிக் கட்டணம். ஆனால் யாரும் சேர்ந்தால்தானே? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். ஊரில் பிள்ளைகள் இருந்தார்கள். உணவு டெலிவரி செய்தார்கள், வண்டி ஓட்டினார்கள், வெளிநாட்டுக்குப் போனார்கள், போனைப் பார்த்துக்கொண்டு வீட்டில் கிடந்தார்கள். விடியற்காலையில் எழுந்து பிறத்தியான் சத்தம் போடுவதைக் கேட்க ஒருவருக்கும் ஆசை இல்லை.

மேலிடம் விதிகளைத் தளர்த்தத் தொடங்கியது. முதலில் உயரத்தைக் குறைத்தார்கள். பிறகு நெஞ்சளவு. பிறகு மூக்குக்கண்ணாடி போடலாம் என்றார்கள். பச்சை குத்தியிருக்கலாம், ஆனால் முகத்தில் கூடாது என்றார்கள். சில வாரம் கழித்து, முகத்திலும் இருக்கலாம், கெட்ட வார்த்தையாக மட்டும் இருக்கக் கூடாது என்றார்கள். ஓட்டப் பந்தயம் 'வேக நடை' ஆயிற்று. வேக நடை 'நடை' ஆயிற்று. கடைசியாக வந்த சுற்றறிக்கையில் 'இடம்பெயரும் திறன்' என்று மட்டும் இருந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். சலூன்காரர் அதைப் படித்துவிட்டு, "அப்ப என் நாற்காலியும் சேரலாம் சார், அதுக்குச் சக்கரம் இருக்கு" என்றார்.

அந்த நாள்களில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடைவாசலில் ஆளுயர விளம்பரப் படம் ஒன்று இருந்தது. அதில் ஓர் இளைஞன் துப்பாக்கியோடு தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு மதியம் அதே இளைஞன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். சார்ஜென்ட் படத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், அனிச்சையாக எழுந்து சல்யூட் அடித்துவிட்டார்.

"ஐயோ, சார், நான் மாடலிங் பண்றவன்" என்றான் அவன். "இப்ப வாய்ப்பு இல்லை. இந்த வழியா தினமும் போவேன். என் போட்டோவை நானே பாத்துப் பாத்து எனக்கே சேரணும்போல ஆயிடுச்சு."

அந்த விளம்பரத்தில் மயங்கிய ஒரே ஆள் விளம்பரத்தில் இருந்தவனே! சார்ஜென்டுக்குக் கண் கலங்கியது. அவனை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினார். டாக்டர் 'தகுதியற்றவர்' என்று திருப்பி அனுப்பிவிட்டார். காதில் கோளாறு; துப்பாக்கிச் சத்தம் கேட்டால் தலை சுற்றி விழுந்துவிடுவான். அவன் வருத்தப்பட்டுக்கொண்டே போனான். போகிற வழியில் தன் படத்தில் ஒட்டியிருந்த தூசியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் மேலிடத்திலிருந்து மேஜர் போன் செய்தார்.

"சார்ஜென்ட், இந்த மாசம் முடியறதுக்குள்ள ஒரு தலையாவது வரணும். இல்லைன்னா கடையை மூடிடுவோம்."

"ஒரு தலை போதுமா சார்?"

"கூடவே உடம்பும் வந்தா நல்லது."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, சோபாவின் கைப்பிடிக்கு மேலாக நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பாதங்கள் அவர் கண்ணில் பட்டன. மச்சினன்.

மனைவியின் தம்பி அவன். முப்பது தாண்டியவன். 'ஒரு ரெண்டு நாள்' என்று வந்தவன், சோபாவுக்குத் தன் உடம்பின் வடிவத்தைக் கொடுத்துவிட்டிருந்தான். வேலைக்குப் போகாதவன் என்று அவனைச் சொல்ல முடியாது; போவான், திரும்பி வந்துவிடுவான். கிடங்கில் இருந்தான், பெட்டிகள் எல்லாம் கனமாக இருப்பதாகச் சொல்லி வந்துவிட்டான். தியேட்டரில் டிக்கெட் கிழித்தான். "படத்தை நின்னுக்கிட்டே பாக்கணுமாம் மாமா, என்ன நியாயம் இது?" என்றான். பணக்கார வீட்டு நாயை உலாத்திக் கொண்டுவரும் வேலைக்குப் போனான். நாய்தான் இவனை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டது.

சார்ஜென்ட் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மாப்ள, ஒரு வேலை இருக்கு."

"உக்காந்து செய்யற வேலையா மாமா?"

"ஆரம்பத்துல கொஞ்சம் நிக்க வேண்டியிருக்கும்."

"சாப்பாடு?"

"மூணு வேளையும் அவங்களே போடுவாங்க. தட்டை மட்டும் நீ கழுவிக்கணும்."

மச்சினன் கூரையைப் பார்த்து நெடுநேரம் யோசித்தான். "சரி, இங்கயும் நான்தானே கழுவறேன்."

"என்னைக்குடா கழுவின?" என்று அடுக்களையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. கரண்டியோடு வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் கணவரை மேலும் கீழும் பார்த்தார். "இவனையா? பட்டாளத்துக்கா? ஏங்க, எதிரி நாட்டுக்காரன் உங்களுக்கு என்ன முறை வேணும், இவ்வளவு பெரிய உதவி செய்யறீங்க?"

சார்ஜென்டின் கணக்கு வேறு. அவன் ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடுவான் என்று அவருக்கும் தெரியும். ஆனால் முகாம் வாசல் தாண்டி உள்ளே போனாலே 'சேர்ந்தவர்' என்று பதிவாகிவிடும். கடை பிழைக்கும். திரும்பி வருவதைப் பற்றி வேறு பிரிவு கவலைப்பட்டுக்கொள்ளும். சலூன்காரர் ஆனந்தமாக மச்சினனுக்கு மொட்டைக்குப் பக்கத்தில் ஒரு வெட்டு வெட்டிவிட்டார். பஸ் ஏறும்போது அவன் சோபாத் தலையணையைக் கக்கத்தில் வைத்திருந்தான்.

ஒரு வாரம் ஆயிற்று. ஆள் வரவில்லை. அக்கா சோபாவைத் துடைத்து, உறை மாற்றி, நிம்மதியாகக் கால் நீட்டி உட்கார்ந்தார். இரண்டாம் வாரமும் வரவில்லை. "அவனை என்ன பண்ணினாங்க? விசாரிங்க" என்று கணவரை நச்சரித்தார். மூன்றாம் வாரம் அவனே போன் செய்தான்.

"அக்கா, இங்க மெத்தை பிரமாதம்."

நடந்தது இதுதான். அவனோடு சேர்ந்த பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். கல்லூரியில் ஓட்டப் பந்தயத்தில் பரிசு வாங்கியவன் முதல் ஆளாக ஓடினான். நெஞ்சில் தேசியக் கொடியைப் பச்சை குத்திக்கொண்டு வந்தவன், முகாமில் செல்போன் சிக்னல் இல்லை, காதலியோடு பேச முடியவில்லை என்று போனான். அண்ணன் கல்யாணத்துக்கு இரண்டு நாள் லீவு கேட்ட ஒருவனுக்கு, கல்யாணம் முடிந்து மூன்று வாரம் கழித்து அனுமதி வந்தது. அவன் அந்த லீவில் போனவன்தான். இன்னொருவனுக்குக் குடும்பக் குடியிருப்பில் இடம் கொடுத்தார்கள். சுவரில் கசிந்த ஈரத்தைப் பார்த்த அவன் மனைவி, மூட்டையைப் பிரிக்காமலே புருஷனையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கடைசியில் மச்சினன் ஒருவன்தான் மிச்சம்.

ஆனால் பயிற்சியை நிறுத்த யாருக்கும் அதிகாரமில்லை. அட்டவணை போட்டாயிற்று. பயிற்சியாளர் மைதானத்தில் நின்று, "அணி! இடப்பக்கம் திரும்பு!" என்று கத்துவார். மச்சினன் திரும்புவான். "இருவர் இருவராக!" என்பார். மச்சினன் பக்கத்தில் இல்லாத ஆளுக்கு இடம் விட்டு நிற்பான். அவனை அடித்து விரட்டவும் பயம், திட்டவும் பயம். இவனும் போய்விட்டால் பயிற்சியாளர், அவருக்கு மேலே இருக்கிற கேப்டன், கேப்டனுக்கு மேலே இருக்கிற மேஜர், சமையல்காரர், மருத்துவர், குதிரையே இல்லாத லாயத்தின் பொறுப்பாளர் என்று அத்தனை பேருக்கும் வேலை இல்லை. எழுப்பும்போதுகூட, "கண்ணா, விடிஞ்சிடுச்சுப்பா" என்றுதான் எழுப்பினார்கள்.

பயிற்சி நிறைவு விழாவுக்குச் சார்ஜென்டும் மனைவியும் போயிருந்தார்கள். அகன்ற மைதானத்தில் மச்சினன் தனியாக அணிவகுத்து வந்தான். பாண்டு வாத்தியம் முழங்கியது. அந்த அணியில் சிறந்த வீரர் பரிசு அவனுக்கே. ஓட்டத்தில் கடைசி இடமும் அவனுக்கே. அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்னம்மா, பெருமையா இருக்கா?" என்றார் சார்ஜென்ட்.

"அவன் இவ்வளவு நேரம் நிமிர்ந்து நின்னு நான் பாத்ததே இல்லைங்க."

இதற்குள் தலைமையகத்தில் இவனைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்கள். எல்லாரும் போன இடத்தில் ஒருவன் தங்கியிருக்கிறான் என்றால் அவனிடம் ஏதோ இருக்கிறது என்று ஒரு கர்னல் தலைமையில் ஆய்வுக் குழு போட்டார்கள். மனநல நிபுணர் ஒருவரும் வந்தார்.

"எது உங்களை இங்கேயே தக்க வெச்சுது? மனசு விட்டுச் சொல்லுங்க" என்றார் கர்னல்.

"விலகிப் போகணும்னா எட்டு ரூமுக்குப் போய்க் கையெழுத்து வாங்கணும்னாங்க சார்."

"சரி."

"ரெண்டாவது ரூமே மாடியில இருக்கு."

மனநல நிபுணர் கர்னலைப் பார்த்தார். இருவரும் நிதானமாக எழுதிக்கொண்டார்கள். அறிக்கையில் அது 'பணியிடத்தின் மீது ஆழ்ந்த பிணைப்பு' என்று வந்தது. மெத்தையைப் பற்றி அவன் சொன்னது 'அடிப்படை வசதிகளில் மனநிறைவு' ஆயிற்று. மாதம் முடிவதற்குள் அவனைக் கார்ப்பொரலாகப் பதவி உயர்த்தி, 'தக்கவைப்பு ஆலோசகர்' என்று பலகை மாட்டித் தலைமையகத்தில் ஓர் அறை கொடுத்தார்கள். விலக விரும்பும் எவரும் முதலில் அவனைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். அறை தரைத்தளத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே அவன் போட்ட நிபந்தனை.

அவனிடம் போனவர்கள் திரும்பிப் போகவில்லை என்பதுதான் வேடிக்கை. மந்திரம் ஒன்றும் இல்லை. மச்சினனுக்கு அவசரம் என்பதே கிடையாது. எதிரே இருப்பவன் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பான். ராணுவத்தில் அதுவரை யாரும் யார் பேச்சையும் உட்கார்ந்து கேட்டதில்லை. அப்பாவுக்கு ஆபரேஷன், போக விடமாட்டேன் என்கிறார்கள் என்று ஒருவன் அழுதால், "அட, போயிட்டு வாப்பா" என்று லீவுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவான். அப்படிப் போட அவனுக்கு அதிகாரம் இல்லை என்பது அவனுக்குத் தெரியாது. சரிபார்க்க வேண்டிய லீவுப் பிரிவில் இருந்தவர்கள் எல்லாரும் ஏற்கெனவே விலகியிருந்தார்கள். லீவில் போனவன் அப்பாவைப் பார்த்துவிட்டு ஒழுங்காகத் திரும்பி வந்தான்.

இந்தப் பக்கம் சார்ஜென்டுக்குப் புது வேலை வந்தது. புது ஆள் கிடைக்காவிட்டால் என்ன, போனவர்களைக் கூப்பிடுங்கள் என்றது மேலிடம். விலகியவர்கள் ஒவ்வொருவருக்கும் போன் செய்து, ஏன் போனாய் என்று கேட்டு, திரும்பி வா என்று அழைக்க வேண்டும். அழைக்க உட்கார்ந்தவர் மெல்ல மெல்லக் கதை கேட்க உட்கார்ந்துவிட்டார்.

ஒருவன் பியானோவுக்குச் சுருதி சேர்க்கக் கற்றுக்கொண்டிருந்தான். "பீரங்கிப் படையில இருந்தேன் சார். பாதிக் காது அவங்களே எடுத்துக்கிட்டாங்க. மிச்சத்தை வெச்சுப் பிழைக்கிறேன்" என்றான். ஒரு பெண் லாரி ஓட்டினாள். "ராணுவத்துல கிடைக்காத நல்ல ரோடு எல்லாம் இங்க இருக்கு சார்" என்று சிரித்தாள். இன்னொருவன் ரொட்டிக்கடை வைத்திருந்தான்.

"இங்கயும் விடியறதுக்கு முன்னாடி எழுந்திரிக்கணும் சார். மாவு பிசையற அண்ணன் என்னைத் திட்டுவாரு. எல்லாம் அதேதான்."

"அப்ப ஏன்ப்பா போன?"

"சாயங்காலம் என் மகளை ஸ்கூல்லேர்ந்து நான்தான் கூட்டிட்டு வர்றேன். இன்னைக்கு அவ எனக்கு யானை பத்தி ஒரு மணி நேரம் சொன்னா." பிறகு கேட்டான்: "சார், நீங்க வண்டி ஓட்டுவீங்கதானே? ரொட்டி கொண்டுபோய்ப் போட ஆள் இல்லை. வர்றீங்களா?"

ஆள்சேர்க்கப் போன் செய்த இடத்தில் தன்னையே ஆள்சேர்க்கிறார்கள்! சார்ஜென்ட் 'யோசிக்கிறேன்' என்று வைத்துவிட்டார். ஆனால் கேட்டதை எல்லாம் விரிவாக மேலிடத்துக்கு எழுதி அனுப்பினார். லீவு வேண்டும், ஈரமில்லாத சுவர் வேண்டும், அடிக்கடி இடமாற்றம் கூடாது, வீட்டோடு பேசச் சிக்னல் வேண்டும். இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள் என்று எழுதினார். நன்றி சொல்லிப் பதில் வந்தது. கூடவே ஒரு பெட்டி வந்தது. பிரித்தால் சாவிக்கொத்து வளையங்கள். ஒவ்வொன்றிலும் 'உங்களை மதிக்கிறோம்' என்று பொறித்திருந்தது. வீரர்களுக்கு விநியோகிக்கவும் என்று உத்தரவு. வீரர்கள் இல்லாததால் சலூன்காரருக்குக் கொஞ்சம், செல்போன் கடைக்குக் கொஞ்சம் என்று கொடுத்துத் தீர்த்தார்.

அன்றிரவு சாப்பிடும்போது மனைவியிடம் ரொட்டிக்கடைக்காரன் கேட்டதைச் சொன்னார். சிரிப்பார் என்று நினைத்தார். அவர் சிரிக்கவில்லை.

"உங்ககூட எத்தனை ஊர் மாறியிருக்கேன் தெரியுமா? ஒவ்வொரு ஊர்லயும் புதுசா வேலை தேடியிருக்கேன். இந்தப் பல் ஆஸ்பத்திரியிலதான் என் பேரு எழுதின நாற்காலி கிடைச்சிருக்கு. அடுத்த மாற்றல் எப்ப வரும்னு ஒவ்வொரு மாசமும் பயந்துக்கிட்டு இருக்கேன்."

"நீ ஒண்ணுமே சொன்னதில்லையே."

"சொன்னா நீங்க 'சரி'ம்பீங்க. மேஜர் சொன்னாலும் 'சரி'ம்பீங்க. ரெண்டு சரிக்கு நடுவுல நான் எங்க நிக்கறது?" தட்டில் தண்ணீர் ஊற்றி எழுந்தார். "நாளைக்குப் போய் விலகல் மனு குடுத்துட்டு வாங்க."

"சரி" என்றார் சார்ஜென்ட்.

மனு கொடுத்தார். விதி விதிதானே? தக்கவைப்பு ஆலோசகரைப் பார்க்கும்படி சீட்டு வந்தது.

மச்சினனின் அறையில் இரண்டு மெத்தை நாற்காலிகள், ஒரு கட்டில், சன்னலோரம் ஒரு மின்கெட்டில். மாமாவைப் பார்த்ததும் எழுந்திருக்க நினைத்து, பாதி எழுந்து, உட்கார்ந்துவிட்டான்.

"வாங்க மாமா. என்ன இந்தப் பக்கம்?"

"விலகப் போறேன் மாப்ள."

மச்சினன் முகம் வாடிவிட்டது. "நீங்களா? என்னைச் சேத்துவிட்டதே நீங்கதானே! மாமா, இதுவரைக்கும் இந்த ரூமுக்கு வந்து ஒருத்தன்கூட விலகினதில்லை. மேல எல்லாரும் என்னைத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடறாங்க. முதல் ஆளா சொந்த மாமாவே போனா எப்படி?"

"உனக்குக் கெட்ட பேரு வருமோ?"

"வரும். இருங்களேன் மாமா. டீ போடறேன். படுத்துக்கறீங்களா? உங்களுக்கு என்ன வேணும், லீவா? எவ்வளவு வேணும்னாலும் தர்றேன்."

அவன் குரலில் கெஞ்சல் இருந்தது, உறுதியும் இருந்தது. சார்ஜென்டின் நாக்கு நுனிக்கு 'சரி' வந்துவிட்டது. வாயைத் திறந்தேவிட்டார். அப்போது மச்சினன் கெட்டிலைத் தட்டியபடி யதார்த்தமாகக் கேட்டான்:

"அக்கா என்ன சொல்றா?"

"அக்கா சொல்லித்தான் வந்தேன்."

கெட்டிலில் இருந்த கை அப்படியே நின்றது. மச்சினன் மேசைக்கு வந்தான். இழுப்பறையைத் திறந்தான். பேனாவை எடுத்துத் தாளில் கையெழுத்துப் போட்டான். அவன் வாழ்நாளில் இவ்வளவு வேகமாக எதையும் செய்ததில்லை.

"முதல்லயே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா மாமா? ஜெனரலை நான் சமாளிச்சுக்குவேன்."

மற்ற ஏழு கையெழுத்துகளும் சுலபமாகக் கிடைத்தன. ஏழு அறைகளில் ஐந்தில் ஆளே இல்லை. விதிப்படி 'காலியிடம்' என்று முத்திரை குத்திக்கொள்ளலாம்.

விடைபெறும் நாள் வந்தது. நீண்ட காலம் பணியாற்றிய சார்ஜென்டுக்கு எட்டு வீரர்கள் அணிவகுப்பு மரியாதை தர வேண்டும் என்று ராணுவ ஒழுங்கு சொல்கிறது. மேஜர் ஆள் தேடினார். மச்சினன் ஒருவன். சமையல்காரர் இரண்டு. டிரைவர், எழுத்தர், மருத்துவ உதவியாளர். லாயப் பொறுப்பாளரை எங்கிருந்தோ இழுத்து வந்தார்கள். ஏழுதான் தேறியது. மைதானத்தின் ஓரத்தில் மனைவி நாற்காலியில் காத்திருந்தார். மேஜர் கையைப் பிசைந்துகொண்டு வந்தார்.

"சார்ஜென்ட், தப்பா நினைக்காதீங்க. ஒரு ஆள் குறையுது. ஏழு பேரோட மரியாதை குடுத்தா அது அவமரியாதைன்னு எழுதியிருக்கு. நீங்க கொஞ்சம்..."

சார்ஜென்ட் போய் வரிசைக் கடைசியில் நின்றார். அவர் இருக்க வேண்டிய இடத்தில், சிவப்புக் கம்பளத்தின் நடுவே, ஒன்றும் இல்லை. அங்கே போன மேஜர் யாருக்குக் கைகொடுப்பது என்று தெரியாமல், காற்றில் கையை நீட்டிக் குலுக்கிவிட்டு இறக்கிக்கொண்டார். ஆணை கொடுக்க வேண்டியவர் வரிசையிலேயே மூத்தவர். மூத்தவர் சார்ஜென்ட்தான். அவரே தொண்டையைச் செருமிக்கொண்டு, "அணி! விடைபெறும் சார்ஜென்டுக்கு மரியாதை செலுத்து!" என்று கத்தினார். எட்டுப் பேரும் காலியான கம்பளத்துக்குச் சல்யூட் அடித்தார்கள். வெயிலில் கம்பளத்தின் மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, கொஞ்ச நேரம் அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டு பறந்தது. சமையல்காரர்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்து தோள் குலுங்கியது. சார்ஜென்ட் காக்கை பறந்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் மச்சினன், "மாமா, கையை இறக்கச் சொல்லுங்க, வலிக்குது" என்று முணுமுணுத்தான். அதன் பிறகுதான் அவருக்கு நினைவு வந்து, "அணி, கலை!" என்றார்.

மனைவி எழுந்து வந்தார். "முடிஞ்சுதாங்க?"

"நானே முடிச்சு வெச்சுட்டேன்."

இருவரும் வாசலுக்கு நடந்தார்கள். காவல் கூண்டில் யாரும் இல்லை. காவலுக்கு இருந்தவரும் வரிசையில் நிற்கப் போன டிரைவர்தான். சார்ஜென்ட் கதவைத் திறந்து மனைவியை வெளியே விட்டு, தானும் வந்தார். பின்னாலிருந்து மேஜர் கத்தினார்: "சார்ஜென்ட்! கேட்டைப் பூட்டிட்டுப் போங்க! ஆள் யாரும் வெளிய போயிடக் கூடாது!"

"சரி சார்!" என்று இவர் வெளியிலிருந்து பூட்டினார். பிறகுதான் சாவி தன் கையில் இருப்பது உறைத்தது. மனைவி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். தூரத்தில் பஸ் வரும் சத்தம் கேட்டது. சார்ஜென்ட் சாவியை மதில்சுவருக்கு மேலே வீசினார். உள்ளே எங்கோ புதரில் அது விழுந்தது. "எந்தப் பக்கம் விழுந்துது?" என்று மேஜர் கேட்டார், "தெரியலை சார்" என்று மச்சினன் உட்கார்ந்த இடத்திலிருந்து பதில் சொன்னான்.

அவர்கள் பஸ்ஸைப் பிடித்துவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து சார்ஜென்ட் ரொட்டி வண்டி ஓட்டுகிறார். மாவு பிசைகிற அண்ணன் அவரையும் திட்டுகிறார். பள்ளிக்கூடத்து வழியில்தான் கடைசிக் கடை என்பதால், சில நாள்களில் ரொட்டிக்கடைக்காரனின் மகளை அவரே வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறார். இப்போது அவள் நீர்யானையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள்.